பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய பொறிகளின் வரலாற்றை எழுதியோர், அப்பொறிகளை இயக்கிய எரிபொருள் பற்றியும், அவற்றை ஆக்கிய அறிஞர் பற்றியும், அவற்றால் விளைந்த சமுதாய மாற்றங்கள் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். பொறியின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாது ஓடி, உலோகத்தை உலோகம் தேய்த்தழிக்காது காத்து நிற்கும் உராய்வு நீக்கி எண்ணெய்க்கு அவ்வரலாறுகளிற் கிடைத்த இடம் மிகச் சிறிதாகும். ஆயினும், டீசல் எஞ்சினின் வளர்ச்சியை நுணுகி ஆராய்வோர் ஓர் உண்மையைக் காண்பர். எஞ்சின் மாறியபோதெல்லாம் எண்ணெய் மாறவேண்டியிருந்தது. எண்ணெய் மாறிய பின்னரே எஞ்சின் அடுத்த படிக்கு ஏற முடிந்தது. ஒன்றன் வரலாறு மற்றதன் வரலாறாகவும் அமைகின்றது.

இது வெறும் அறிவு ஆர்வத்துக்குரிய செய்தி அன்று. இலங்கை போன்ற நாடுகளில் எஞ்சின்கள் எளிதில் ஓய்வு பெறுவதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் வாங்கப்பட்ட உழவு இயந்திரம் இன்றும் வயலில் இறங்குகின்றது. பிற நாடுகளிற் பயன்படுத்திக் கழிக்கப்பட்ட லொறி எஞ்சின் இங்கு வந்து இரண்டாம் வாழ்வு தொடங்குகின்றது. அத்தகைய எஞ்சினின் சொந்தக்காரர் கடையின் முன் நின்று எந்த எண்ணெயை வாங்குவது என வினவும்போது, அவருக்குப் பொதுவாக இரு விடைகள் கிடைக்கின்றன. புதிதாக வந்த எண்ணெயே சிறந்தது என்பர் ஒருசாரார். பழைய எஞ்சினுக்குப் பழைய எண்ணெயே பொருந்தும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அரை உண்மைகளே. தவறான தெரிவின் விலையோ முழுமையானது. வளையங்கள் இறுகி, போதிகைகள் அரிக்கப்பட்டு எஞ்சின் நின்றுவிடின், அதைத் திறந்து திருத்தும் செலவு ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பை விழுங்கிவிடக்கூடும்.

இவ்வினாவுக்குத் தக்க விடையை வரலாறே தருகின்றது. கொள்கலன்களில் அச்சிடப்பட்டுள்ள ஒவ்வொரு தரக் குறியீடும், ஒரு குறித்த காலத்து எஞ்சின்களுக்கு நேர்ந்த ஒரு குறித்த கேட்டுக்குக் கண்ட பரிகாரமாகும். பரிகாரம் எந்த நோய்க்கு ஏற்பட்டதென அறியாது மருந்தைத் தெரிதல் இயலாது.

ருடோல்ப் டீசல் தமது எஞ்சினுக்கான காப்புரிமையை 1892ஆம் ஆண்டில் வேண்டினார். 1897ஆம் ஆண்டு ஒக்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் மோரிற்ஸ் சுரோற்றர் நடத்திய பரிசோதனையில், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 சதவீதத்தை அது பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் இதனை எட்ட இயலாதனவாயிருந்தன. எனினும், முதல் மூன்று தசாப்தங்களில் டீசல் எஞ்சின் பாரமானதாகவும் மெதுவாகச் சுழல்வதாகவும் இருந்தது. மின்நிலையங்களும் கப்பல்களுமே அதன் உறைவிடங்களாயின. இத்தகைய எஞ்சினுக்குச் சேர்மானம் எதுவுமற்ற, சுத்திகரிக்கப்பட்ட கனிய எண்ணெயே போதுமானதாயிற்று.

அக்காலத்தில் எண்ணெயின் தகுதியை அளக்கும் பொது அளவுகோல் பிசுக்குமை ஒன்றே எனலாம். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911ஆம் ஆண்டில் எண்ணெய்களைப் பிசுக்குமைப்படி வகுத்தது. இன்று 30, 40 எனக் கடைகளில் வழங்கும் எண்கள் அச்சங்கத்தின் வகுப்பு முறையிலிருந்து வளர்ந்தவையே. இவ்வெண்கள் எண்ணெயின் தடிப்பைக் கூறுவனவேயன்றி அதன் குணத்தைக் கூறுவன அல்ல. ஒரே 40 என்னும் எண்ணைத் தாங்கிய இரு எண்ணெய்கள் எஞ்சினுள் முற்றும் வேறுபட்டு நடந்துகொள்ளலாம் என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் உணர்த்தின.

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கற்றர்பில்லர் நிறுவனம் டீசல் எஞ்சின் பூட்டிய தனது முதலாவது உழவு இயந்திரத்தைச் சந்தைக்கு விட்டது. மின்நிலையத்தின் நிழலில் ஒரே வேகத்தில் ஓடிவந்த டீசல் எஞ்சின், புழுதியும் வெயிலும் மாறும் பாரமும் நிறைந்த திறந்த வெளிக்கு வந்தது. சிறிய உருவில் மிகுந்த வலுவைத் தரவேண்டியிருந்தமையால் பிஸ்டனின் வெப்பம் உயர்ந்தது. அவ்வெப்பத்தில் எண்ணெய் ஒட்சியேற்றமடைந்து பிசினாகியது. அப்பிசினோடு எரிபொருளின் கரியும் கலந்து, பிஸ்டன் வளையங்கள் அமர்ந்திருக்கும் தவாளிப்புகளை நிரப்பி இறுகியது. அசைய வேண்டிய வளையங்கள் அசையாது ஒட்டிக்கொண்டன. எரிவாயு கீழே கசிந்தது, வலு குன்றியது, எஞ்சினைத் திறந்து வளையங்களைப் பிரித்தெடுத்துச் சுரண்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. மிக நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயும் இக்கேட்டைத் தடுக்கவில்லை.

இச்சிக்கலே இன்றைய டீசல் எண்ணெயின் பிறப்புக்குக் காரணமாயிற்று. கலிபோர்ணிய ஸ்ரான்டர்ட் எண்ணெய்க் கம்பனி, எண்ணெயிற் கரையத்தக்க உலோகச் சவர்க்காரம் ஒன்றைச் சேர்த்து ஆக்கிய எண்ணெயை 1935ஆம் ஆண்டில் 'டெலோ' என்னும் பெயரில் வெளியிட்டது. டீசல் எஞ்சின் உராய்வு நீக்கி எண்ணெய் என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்ததே அப்பெயர். துணியிலுள்ள அழுக்கைச் சவர்க்காரம் பற்றி நீரில் விடுவதுபோல, இச்சேர்மானம் பிஸ்டனிற் படியும் கரியையும் பிசினையும் பற்றி எண்ணெயில் மிதக்க விட்டது. இதனாலேயே டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய எண்ணெய் சில மணி நேரத்திற் கறுத்துவிடுகின்றது. எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது எனக் கருதுவோர் இன்றும் உளர். உண்மையில், வளையத் தவாளிப்பில் இறுகியிருக்கவேண்டிய அழுக்கை எண்ணெய் தன்மேல் ஏற்றுக்கொண்டதன் அடையாளமே அக்கருமை.

எனினும், ஒரு நோய்க்குரிய பரிகாரம் மற்றொரு நோயை வெளிப்படுத்தியது. வலு மிகுந்த டீசல் எஞ்சின்களில், பழைய வெள்ளீயக் கலப்புலோகப் போதிகைகளுக்குப் பதிலாகச் செம்பும் ஈயமும் கலந்த வன்மையான போதிகைகள் இடப்பட்டன. கராஜ்களிற் பெயாரிங் என வழங்கப்படுவன இவையே. எண்ணெய் ஒட்சியேற்றமடைவதால் உண்டாகும் அமிலங்கள் இக்கலப்புலோகத்தின் ஈயத்தை அரித்தன. முதற் சவர்க்காரங்கள் சில ஒட்சியேற்றத்தை விரைவுபடுத்தவும் செய்தன. எனவே, அழுக்கை அகற்றும் சேர்மானத்தோடு ஒட்சியேற்றத்தையும் அரிப்பையும் தடுக்கும் சேர்மானமும் வேண்டப்பட்டது. யூனியன் ஒயில் கம்பனியைச் சேர்ந்த ஹேர்பேட் புரூலர் 1941ஆம் ஆண்டில் நாக டைதயோபொசுபேற்றுச் சேர்வைகளுக்கான காப்புரிமையை வேண்டினார். நாகமும் பொசுபரசும் கந்தகமும் கொண்ட இச்சேர்வை போதிகைகளைக் காக்கவே முதலிற் பயன்பட்டது. உலோகப் பரப்புகளின்மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படிந்து தேய்வையும் அது தடுக்கும் என்பது பின்னரே நன்கு உணரப்பட்டது. மோட்டார் எண்ணெய்ச் சேர்மானங்களுள் இத்துணை நீண்ட காலம் நிலைத்தவை மிகச் சிலவே.

இரண்டாம் உலகப் போர் இவ்வளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. பல நிறுவனங்கள் ஆக்கிய பல்வகை எஞ்சின்களுக்கும் பொதுவான எண்ணெய் ஒன்று படையினருக்கு வேண்டியிருந்தது. அமெரிக்கத் தரைப்படை 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட 2-104 என்னும் எண்ணெய் விதிமுறை இத்தேவையின் விளைவாகும். கற்றர்பில்லர் நிறுவனத்தின் ஒற்றை உருளை எஞ்சினை 480 மணி நேரம் ஓட்டி, பின் பிஸ்டனைக் கழற்றிப் படிவுகளை அளக்கும் சோதனை எண்ணெய்களை மதிப்பிடும் உரைகல்லாயிற்று. அதுவரை விற்பவரின் சொல்லாக இருந்த எண்ணெயின் தரம், அளந்தறியத்தக்க ஒன்றாக மாறிய கட்டம் இதுவாகும்.

பொதுச் சந்தைக்கான வகுப்பு முறையை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் ஏற்படுத்தியது. 1947ஆம் ஆண்டில் அது எண்ணெய்களைச் சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்புக்குரியது என மூன்றாக வகுத்தது. 'ஹெவி டியூட்டி' என்னும் பெயர் இவ்வகுப்பில் நிலைபெற்றது. 1952ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின்களுக்கெனத் தனி வகுப்புகள் உருவாகின. 1970ஆம் ஆண்டில், டீசல் எண்ணெய்கள் சீ என்னும் எழுத்திலும் பெற்றோல் எஞ்சின் எண்ணெய்கள் எஸ் என்னும் எழுத்திலும் தொடங்கும் இன்றைய முறை வந்தது. சீ-ஏ, சீ-பீ, சீ-சீ, சீ-டீ என்பன அம்முறையின் முதற் டீசல் தரங்களாகும்.

இவ்வரிசையின் படிகளை உயர்த்திய காரணிகளுள் எரிபொருளிலுள்ள கந்தகம் முதன்மையானது. கந்தகம் எரிந்து, எஞ்சினுள் நீராவியோடு கூடிச் சல்பூரிக்கமிலமாகின்றது. வளையங்களும் உருளைச் சுவர்களும் விரைவில் தேய இது ஏதுவாயிற்று. அமிலத்தை நடுநிலையாக்கவல்ல காரச் சேமிப்பை எண்ணெயிலேயே வைக்கும் முறை 1950களில் விருத்தியடைந்தது. காற்றை அழுத்தி உட்செலுத்தும் டேர்போ அமைப்பு பெருகியபோது பிஸ்டனின் வெப்பம் மேலும் உயர்ந்தது. உயர்ந்த வலுவையும் கந்தகம் மிகுந்த எரிபொருளையும் ஒருங்கே தாங்கவல்ல எண்ணெய்க்கே சீ-டீ என்னும் பெயர் கிடைத்தது.

அடுத்த திருப்பம் எஞ்சினுக்கு வெளியிலிருந்து வந்தது. நகரங்களின் காற்றைக் காக்கும் நோக்கில் வாகனப் புகைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அமெரிக்காவில் வீதி வாகனங்களுக்கான டீசலின் கந்தகம் 1993ஆம் ஆண்டில் மில்லியனில் 500 பங்காகவும், 2006ஆம் ஆண்டு முதல் 15 பங்காகவும் குறைக்கப்பட்டது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பு வந்தபோது எண்ணெய் சுமக்கவேண்டிய கரியும் அமிலமும் பெருகின. 2002ஆம் ஆண்டின் சீ-ஐ-4 அதற்கான விடை. பின்னர், வெளியேறும் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டிகள் பூட்டப்பட்டன. எண்ணெயிலுள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து விடும் சாம்பல் அவ்வடிகட்டிகளை அடைக்கும். ஆதலால், 2006ஆம் ஆண்டின் சீ-ஜே-4 தரம் சல்பேற்றுச் சாம்பலை 1.0 சதவீதத்துக்கும், பொசுபரசை 0.12 சதவீதத்துக்கும், கந்தகத்தை 0.4 சதவீதத்துக்கும் மேற்படாது மட்டுப்படுத்தியது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் சீ-கே-4, எவ்-ஏ-4 என்னும் இரு தரங்கள் ஒருங்கே வந்தன.

இம்மாற்றத்தின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1935 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எண்ணெயின் கடமை எஞ்சினைக் காப்பது மட்டுமே. அதன் பின், எஞ்சினுக்கு வெளியேயுள்ள ஒரு கருவியைக் காப்பதும் எரிபொருட் சிக்கனத்துக்கு உதவுவதும் அதன் கடமைகளாயின. அக்கருவி இல்லாத பழைய எஞ்சினுக்கு இப்புதிய கடமைகளால் நேரடிப் பயன் இல்லை. அவ்வாறாயின் புதிய எண்ணெய் பழைய எஞ்சினுக்குக் கேடா என்னும் வினா எழுகின்றது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறல் இயலாது. பழைய எஞ்சின்கள் அனைத்தும் ஓரினம் அல்ல.

முதலில் அழுக்ககற்றும் எண்ணெய் பற்றிய பழைய அச்சத்தை நோக்கலாம். 1920களிலும் 1930களிலும் ஆக்கப்பட்ட எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் வடிகட்டி இருக்கவில்லை. இருந்தவற்றிலும் எண்ணெயின் ஒரு பகுதி மட்டுமே அதனூடாகச் சென்றது. சேர்மானமற்ற எண்ணெயில் அழுக்கு தொட்டியின் அடியிற் சேறாகப் படிந்துவிடும். பல ஆண்டுகள் அவ்வாறு ஓடிய எஞ்சினில் திடீரென அழுக்ககற்றும் எண்ணெயை ஊற்றின், படிந்த சேறு பெயர்ந்து எண்ணெய் வழிகளை அடைத்தல் கூடும். இவ்வச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அது எண்ணெயின் குற்றமன்று. கடந்த காலத்து அழுக்கின் குற்றமாகும். தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, முதல் எண்ணெயைக் குறுகிய காலத்தில் மாற்றுதலே இதற்குத் தக்க வழி. திறந்து சுத்தம் செய்யப்பட்ட எஞ்சினுக்கு இவ்வச்சம் பொருந்தாது.

இரண்டாவது, ஈரடிப்பு டீசல் எஞ்சின்கள். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் 71 வரிசை எஞ்சின் 1938ஆம் ஆண்டில் வெளிவந்து, லொறிகளிலும் படகுகளிலும் போர்க்கலங்களிலும் உலகெங்கும் பரவியது. இவ்வகை எஞ்சின்களில் எண்ணெயின் சாம்பல் வெளியேற்று வால்வுகளிற் படிந்து கேடு விளைவிக்கும். ஆதலால் சாம்பல் குறைந்த, 40 எனும் ஒரே பிசுக்குமை கொண்ட எண்ணெயே அவற்றுக்கு விதிக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில் வந்த சீ-எவ்-2 என்னும் தரம் ஈரடிப்பு எஞ்சின்களுக்கெனவே ஏற்பட்டதாகும். அங்குள்ள 2 என்னும் இலக்கம் ஈரடிப்பையும், சீ-ஐ-4 முதலியவற்றிலுள்ள 4 என்னும் இலக்கம் நான்கடிப்பையும் சுட்டும். பெரிய இலக்கம் சிறந்த எண்ணெயைக் குறிக்கும் எனக் கொள்வது பெரும் பிழையாகும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு இலங்கையின் இருப்புப்பாதைகளிலேயே உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்-2 வகை டீசல் மின் எஞ்சின்கள் 1954ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் புகையிரத சேவையில் இணைந்தன. 'அல்பேட்டா' முதலிய கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கிய இவை அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தன. இவற்றின் உள்ளே இருந்தது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் 567 வரிசையைச் சேர்ந்த 12 உருளை ஈரடிப்பு எஞ்சின். ஈரடிப்பு எஞ்சினின் பிஸ்டன் ஊசிமேல் பாரம் எப்போதும் கீழ்நோக்கியே விழுவதால், அங்கு எண்ணெய்ப் படலம் நிலைத்தல் அரிது. அதனைச் சமாளிக்க, அவ்விடத்துப் போதிகைக்கு வெள்ளிப் பூச்சு இடப்பட்டது. வீதி வாகனங்களின் எஞ்சின்களைத் தேய்விலிருந்து காக்கும் அதே நாகச் சேர்வை வெள்ளியை அரிக்கும். எனவே இவ்வகை எஞ்சின்களுக்கு நாகம் நீக்கிய தனி எண்ணெய் வேண்டும். சிறந்த லொறி எண்ணெயை இவற்றில் ஊற்றுபவர் நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்வார். எண்ணெயின் சிறப்பு எண்ணெயில் மட்டும் இல்லை. அது தொடும் உலோகத்திலும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, பெரும்பான்மையான பழைய எஞ்சின்களை, அதாவது உழவு இயந்திரம், லொறி, பேருந்து ஆகியவற்றின் நான்கடிப்பு எஞ்சின்களை நோக்கலாம். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த மசி பேர்கசன் 135 உழவு இயந்திரத்தின் மூவுருளைப் பேர்க்கின்ஸ் எஞ்சின் இவ்வினத்தைச் சேர்ந்தது. இவற்றுக்குப் புதிய எண்ணெய் பகையன்று. சீ-எச்-4, சீ-ஐ-4, சீ-கே-4 ஆகியன முந்திய நான்கடிப்புத் தரங்களுக்கு மாற்றாகப் பயன்படத்தக்கனவாகவே வகுக்கப்பட்டன. ஒட்சியேற்றத்தைத் தாங்குவதிலும் கரியைச் சுமப்பதிலும் அவை சீ-டீ எண்ணெயைப் பெரிதும் விஞ்சுவன. பழைய எஞ்சினுக்குச் சீ-டீயே போதும் எனக் கூறி விற்பவர் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. அத்தரத்துக்கு அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் இன்று சான்று வழங்குவதில்லை. கொள்கலனில் அவ்வெழுத்துகள் இருப்பினும், அவற்றின் பின்னால் நிற்பது விற்பவரின் சொல் மட்டுமே. எண்ணெயின் வரலாறு 1941இல் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே வாங்குபவர் மீண்டும் நிறுத்தப்படுகின்றார்.

எனினும் இவ்விதிக்கு எல்லைகள் உள. எவ்-ஏ-4 என்னும் தரம் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்கில் மெலிதாக்கப்பட்டது. புதிய எஞ்சின்களுக்கென்றே அமைந்த அதனைப் பழைய எஞ்சினில் இடல் ஆகாது. பிசுக்குமையைப் பொறுத்தவரை, எஞ்சினை ஆக்கியோர் தம் கைந்நூலில் விதித்த எண்ணே முதற் சான்று. அடுத்து எரிபொருளை நோக்கவேண்டும். மிகக் குறைந்த கந்தகமுள்ள டீசலை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்ட எண்ணெயின் காரச் சேமிப்பு, கந்தகம் மிகுந்த டீசல் எரியும் எஞ்சினில் விரைவிற் செலவாகிவிடும். அத்தகைய டீசலைப் பயன்படுத்துவோர் காரச் சேமிப்பு மிகுந்த எண்ணெயைத் தெரிதலும், அதைக் குறுகிய இடைவெளியில் மாற்றுதலும் இன்றியமையாதன. விலை உயர்ந்த எண்ணெயை நெடுநாள் வைத்திருப்பதிலும் நடுத்தர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது இங்கு நலம் பயக்கும்.

நாகச் சேர்வை பற்றி நிலவும் ஒரு கருத்தையும் இவ்விடத்துக் குறிப்பிடல் தகும். 2004ஆம் ஆண்டின் எஸ்-எம் தரம், பெரும்பாலான வீதிக் கார்களுக்குரிய மெல்லிய எண்ணெய்களிற் பொசுபரசை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. அதனால் பழைய பெற்றோல் கார்களைப் பேணுவோர், பொசுபரசும் நாகமும் கூடிய டீசல் எண்ணெயை நாடலாயினர். அதன் பயனாக, நாகம் மிகுந்த எண்ணெயே எல்லாப் பழைய எஞ்சின்களுக்கும் உகந்தது என்னும் நம்பிக்கை பரவியது. வெள்ளிப் போதிகையின் கதையை அறிந்தோர் இந்நம்பிக்கையை எல்லையின்றி ஏற்கமாட்டார்.

தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். எண்ணெய்த் தரங்களை வகுத்த மேசையைச் சுற்றி எஞ்சின் ஆக்குவோரும், எண்ணெய்க் கம்பனிகளும், ஒரு காலத்திற் படைத்துறையும், பின்னர் சூழல் காக்கும் சட்டங்களும் இடம்பெற்றன. அவர்கள் முன் இருந்தது அன்றன்றைய புதிய எஞ்சின். அந்த எஞ்சின் முதுமையடைந்து, தொலைவான நாடொன்றின் வயலிலோ வீதியிலோ உழைக்கும் காலத்தை எண்ணி எழுதப்பட்ட தரம் எதுவும் இல்லை. அக்குறையைப் பழைய எஞ்சினைப் பேணுவோரின் அறிவே நிரப்பவேண்டியுள்ளது. தம் எஞ்சின் எந்த ஆண்டுக்குரியது, ஈரடிப்பா நான்கடிப்பா, அதன் போதிகைகள் எவ்வுலோகத்தால் ஆனவை, வடிகட்டி எத்தகையது, இதுவரை என்ன எண்ணெய் ஊற்றப்பட்டது, இன்று எரியும் டீசல் எத்தன்மையது என்னும் ஆறு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே கொள்கலனின் எழுத்துகளைப் படித்தல் வேண்டும். அவ்விடைகளோடு கடைக்குச் செல்பவர், புதுமையின் பெயராலோ பழமையின் பெயராலோ ஏமாற்றப்படார்.